நேற்று என்ன சாப்பிட்டீர்கள்

பேரையூர்,
சனிக்கிழமை.

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். அந்தக் குளிரிலும் உன்னை மதுரை மீனாட்சி நல்லபடியாக வைத்திருக்க வேண்டும். போனில் பார்த்தபோது உதடு வெடித்திருந்தது, வெண்ணெய் தடவு. இங்கே மழை ஏமாற்றிவிட்டது. அப்பா பருத்தியை இரண்டாம் தடவை ஊன்றியிருக்கிறார். மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனவன் இன்னும் கொண்டுவரவில்லை. கேட்டால் நாளைக்கு என்கிறான். இதெல்லாம் உனக்குத் தெரியும். இரண்டு ஞாயிறாக மோட்டாரைப் பற்றியே பேசினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. போனில் உன் முகம் தெரிகிறது, பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் பவதாரிணிக்குத் தாமதமாகிவிடும்.

அந்தப் பிள்ளை எதையும் பொய்யாக எழுதவில்லை. மற்றதைப் படிக்க நேரமில்லை என்றாலும் இந்த ஒரு வரியைப் படித்துவிடு. பொய் சொன்னது நாங்கள். சொல்லிக் கொடுத்தது நான்.

நம் பக்கத்துப் பெண்களுக்கு ஏன் இவ்வளவு ரத்தம் குறைகிறது என்று பார்க்கப் போகிறோம், நம் ஊரையும் சேர்த்திருக்கிறேன், மதுரையில் படித்துக்கொண்டே என்னிடமும் ஆராய்ச்சி செய்கிற பிள்ளை ஒருத்தி வருவாள், பார்த்துக்கொள் அம்மா என்று நீ சொன்னாய். பார்த்துக்கொண்டேன். அவள் வருவதற்கு முன்னால் தெருவில் வீடு வீடாகப் போனேன். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பாள், பழைய சோறு, ஊறுகாய் என்று உளறி வைக்காதீர்கள், அம்புட்டும் செல்வி இருக்கிற ஊருக்குப் போகும், வெள்ளைக்காரர்கள் படிப்பார்கள் என்றேன். காலையில் இட்லி, மத்தியானம் சோறு, முருங்கைக்கீரை, ஒரு முட்டை, சாயங்காலம் சுண்டல். நான்தான் அடுக்கிக் கொடுத்தேன். தங்கப்பொண்ணுதான் கேட்டாள், தெருவே கீரை தின்னோம்னு சொல்றோம், மரத்துல இம்புட்டு இலை எப்படி மிஞ்சுச்சுன்னு அந்தப் பிள்ளை கேட்டா என்ன மதினி சொல்ல என்று. எல்லோரும் சிரித்தோம். அவள் டவுன் பிள்ளை, மரத்தையெல்லாம் பார்க்க மாட்டாள் என்றேன். அப்போது அது ஒரு தப்பாகவே தெரியவில்லை. விருந்தாளி வரும்போது வாசலைக் கூட்டிவைப்பதுபோல இருந்தது.

பவதாரிணி வந்தாள். மதுரையில் காளவாசலில் அவள் அப்பா டயர்க் கடை வைத்திருக்கிறார். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். பையில் கிண்ணம், கரண்டி, டம்ளர் எல்லாம் வைத்திருந்தாள். சோறு இந்தக் கிண்ணத்தில் எவ்வளவு, குழம்பு எத்தனை கரண்டி என்று எடுத்துக் காட்டிக் கேட்பாள். தங்கப்பொண்ணு அவளுக்குப் பாத்திரக்காரி என்று பேர் வைத்தாள். பழைய சேலை தந்தால் ஒரு சொம்பு தருவியா என்று கேட்டாள். அந்தப் பிள்ளையும் சிரித்துக்கொண்டே, சேலை வேண்டாம் அத்தை, விரலைக் குடுங்க போதும் என்று சொல்லிக் குத்திவிட்டாள். வெயிலில் ஒவ்வொரு வீடாகத்தான் ஏறி இறங்கினாள், செல்வி. நான் கண்ணால் பார்த்தேன். என் விரலையும் குத்தினாள். கருவியைப் பார்த்துவிட்டு, ரொம்பக் கம்மியா இருக்கு ஆன்ட்டி, மாத்திரை போடணும் என்றாள். செல்வியிடம் சொல்லாதே என்றேன். பேரெல்லாம் மேடத்துக்குப் போகாது, வெறும் நம்பர்தான் போகும், நான் சொல்ல மாட்டேன் என்றாள். பிறகு, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். கண்ணைப் பார்த்தபடி முட்டை என்றேன்.

அன்று சனிக்கிழமை. அவள் கேட்ட நேற்று, வெள்ளிக்கிழமை. எங்களில் ஒருத்திக்கும் அது உறைக்கவில்லை. மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டோம்.

உனக்கு உறைத்தது. நீ இந்த ஊரில் பிறந்தவள். போன மாதம் ஒரு மத்தியானம் நீ அவளை மீட்டிங்கில் வைத்துக் கேட்டாய், எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை எந்த அடுப்பில் முட்டை வெந்தது, பதினெட்டு வீட்டிலும் ஒரே கீரை, ஒரே முட்டை, ஆனால் ரத்தம் மட்டும் அதலபாதாளத்தில், நீ ஊருக்குப் போனாயா இல்லை அறையில் உட்கார்ந்து நிரப்பினாயா என்று. அவள் எங்கிருந்து பேசுகிறாள் என்று உனக்குத் தெரியாது. சிக்னல் போதாது என்று படத்தை அணைத்து வைத்திருந்தாள். மறுபடி வேலையாக ஊருக்கு வந்தவள், நம் வீட்டு முன்னறையில், உன் பழைய மேசையில் உட்கார்ந்திருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். கல்லில் அவளுக்காக ஊற்றின தோசை. உன் குரல் வீடு முழுக்கக் கேட்டது. என் குரலேதான். கணக்குப் பரீட்சையில் நீ மார்க் குறைத்து வாங்கின நாட்களில் இந்த வீட்டில் கேட்ட குரல். இல்லை மேடம், போனேன் மேடம் என்று மட்டும் அவள் சொன்னாள். திருப்பித் திருப்பி அதையே சொன்னாள். குழுவில் இருந்த மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான்கு எட்டு வைத்தால் முன்னறை. நான் வைக்கவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டேன். கருகியிருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவள் முகம் கழுவிவிட்டு வந்தாள், என்னம்மா என்று கேட்டேன். ஒன்றுமில்லை ஆன்ட்டி, டேட்டாவில் ஒரு சின்ன சந்தேகம் என்றாள். திட்டினது உங்கள் மகள் என்று சொல்லவில்லை. இரண்டு தோசை சாப்பிட்டாள். சட்னி நல்லா இருக்கு என்றாள். சாப்பிடும்மா, சாப்பிடு என்று சொன்னேன். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அது ஒன்றுதான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். பிறகு வரவில்லை.

போன வாரம் நானாகப் போன் செய்தேன். பின்னால் லாரிச் சத்தம். அப்பா கடையில் இருக்கிறேன் என்றாள். இந்த மாதத்துக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டுமாம், என்ன எழுதுவது என்றே தெரியவில்லை, அவர்கள் சொன்னதைத்தானே எழுதினேன் என்றாள். அப்பா வேறு வேலை பார்க்கச் சொல்கிறார், விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன் ஆன்ட்டி என்றாள். அப்போதும் நான் சொல்லவில்லை. கோயிலுக்குப் போய்விட்டு வா, எல்லாம் சரியாகும் என்றேன். போனை வைத்த பிறகு என் மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

தெருவில் மறுபடி போனேன். இந்தத் தடவை உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்க. தங்கப்பொண்ணு, பொய்யும் நீங்கதான் சொல்லச் சொன்னீக, நெசமும் நீங்கதான் சொல்லச் சொல்றீக, வீட்ல என்ன ஆக்குனேன்னு எனக்கே மறந்துபோச்சு மதினி என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாண்டீஸ்வரி மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். முட்டைன்னு சொன்னது முட்டையாவே இருக்கட்டும், என் மருமக பக்கத்துல நிக்கயில நான் நீச்சத்தண்ணி குடிச்சுக் கெடந்தேன்னு எப்படிச் சொல்ல, அவ சோறு போடாத மாதிரி ஆகாதா என்றாள். இது உனக்கு உதவும் என்று நினைக்கிறேன். அடுத்த தடவை எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்கச் சொல். வாசலில் வைத்து, மருமகளையும் மாமியாரையும் புருசனையும் வைத்துக்கொண்டு கேட்டால், என் பேச்சைக் கேட்காதவர்கள்கூடப் பொய்தான் சொல்வார்கள். பாண்டீஸ்வரியைத் தவிர மற்ற எல்லோரும் மறுபடி சொல்கிறோம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

உன் வேலையை எனக்குச் சொல்லித்தரத் தெரியாது. நாலு பிள்ளைகளை வைத்து ஆராய்ச்சி நடத்துவது என்னவென்று நான் கண்டேனா. நீ சந்தேகப்பட்டது சரி. நாங்கள் சாப்பாட்டில் குறையில்லை என்று சொல்லி, அது அப்படியே புத்தகத்தில் ஏறியிருந்தால், இந்தப் பெண்களுக்கு ரத்தம் குறைவதற்கு நீங்கள் வேறெங்கோ போய்க் காரணம் தேடியிருப்பீர்கள். ஒன்று மட்டும். நீ மதுரையில் படித்தபோது உன் கைடு எல்லார் முன்னாலும் உன்னை ஏதோ கேட்டுவிட்டார் என்று கழிப்பறையிலிருந்து எனக்குப் போன் செய்தாய். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாய். அந்தத் தண்ணீர்ச் சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நம் வீட்டிலும் அன்று பவதாரிணி குழாயைத் திறந்துவிட்டுத்தான் முகம் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பாய். ஊர் மானம் என்று தெருவில் சொன்னேன். அது முழுக்க உண்மையில்லை. இந்தத் தெரு எப்படிச் சாப்பிடுகிறது என்று உனக்குத் தெரிந்துவிட்டால், நான் எப்படிச் சாப்பிடுகிறேன் என்றும் தெரிந்துவிடும். சாப்பிட்டியாம்மா என்று நீ கேட்கும்போதெல்லாம் சாப்பிட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

நேற்றும் வெள்ளிக்கிழமைதான். காலையில் டீ. தோட்டத்துக்குப் போய் வந்து இன்னொரு டீ, நனைத்துத் தின்ன ஒரு வறுக்கி ரொட்டி. மத்தியானம் அப்பா சாப்பிட்டு எழுந்த பிறகு சோறு, பவதாரிணியின் கிண்ணத்தில் ஒன்றரை இருக்கும். குழம்பில் காய் தீர்ந்துவிட்டது, தண்ணியாக ஒரு கரண்டி கிடந்தது. மாங்காய் ஊறுகாய். ராத்திரி பசிக்கவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். பசித்தது. பானையில் தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றைக் கரைத்துக் குடித்தேன். கீரை இல்லை. முட்டை இல்லை. பவதாரிணி இதை எழுதிக்கொள்ளட்டும். என் நம்பர் எது என்று அவளுக்குத் தெரியும். பேரோடு எழுதினாலும் சரி.

இதைப் படித்ததும் எனக்குக் கூப்பிடாதே. முதலில் அவளுக்குக் கூப்பிடு. தனியாக வேண்டாம், அன்றைக்கு இருந்தவர்கள் எல்லோரும் இருக்கிற மீட்டிங்கில் கூப்பிடு. அவள் விளக்கம் எழுத வேண்டாம், இந்தத் தாள்களையே காட்டு. அப்பாவுக்கு இன்னும் தெரியாது, இன்று சாப்பாட்டுக்கு அவரோடு சேர்ந்து உட்கார்ந்து சொல்லப் போகிறேன்.

நீயும் உன் பிள்ளைகளும் நன்றாக இருங்கள். உன்னிடம் படிக்கிறவர்களைத்தான் சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. வெண்ணெயை மறக்காதே.

தலைகுனிவோடு,
உன் அம்மா
அழகம்மாள்