மதிப்புக்குரிய சினியோரா

ஐயா, நேற்று நூலகத்தில் உங்கள் மீன்பெட்டியைத் திறந்தார்கள். நீங்கள் போய் நாலு வருடம் கழிந்தும் அந்த நாற்றம் போகவில்லை. உங்கள் கடிதங்களை ஆவணமாகச் சேர்க்கிறார்களாம். பலெர்மோ நகரசபையில் உட்கார்ந்த கறுப்பு மனிதர் அல்லவா, செத்த பிறகு மரியாதை கூடியிருக்கிறது. உங்கள் வீட்டைக் கூட்டித் துடைத்தவள் என்பதால், அவற்றை இனம் பிரிக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

சர்க்கரை வியாதி உங்கள் கண்ணைத் தின்ற காலத்தில் நான்தான் தபால் வாசித்தேன். மன்னாரிலிருந்து வந்தவளின் இத்தாலியன். சொல்லுக்குச் சொல் தடுக்கி விழுவேன். திட்டுக் கடிதம் என்றால் போர்கோ வெக்கியோச் சந்தையில் எடுத்த மீன்பெட்டிக்குள் போகும், அதோடு சரி. உதவி கேட்ட கடிதம் சப்பாத்துப் பெட்டிக்குள் போகும். அதை உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பீர்கள். "குரங்கே, மரத்துக்குத் திரும்பிப் போ" என்று ஒருவன் எழுதியதை வாசித்தபோது, "நான் பிறந்த இடத்திலை மரமே இல்லை, சினியோரா" என்று சிரித்தீர்கள். வேலைக்காரியை, சீமாட்டியைக் கூப்பிடுவதுபோல் சினியோரா என்று கூப்பிட்ட ஒரே ஆள் நீங்கள்தான். மற்றவர்களுக்கு நான் "ஏய், பெட்டை".

பலெர்மோவின் கால்சாப் பகுதியில் ஒரு தர்ம அமைப்பு பழைய மாளிகையைத் திருத்தியது. ஆபிரிக்கரும் தமிழரும் அதில் கலந்து குடியிருக்க, அலைந்து திரிந்து சம்மதம் வாங்கினீர்கள். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் என்னைப் பிடித்தார்.

"அக்கா, உங்களுக்குத்தானே இத்தாலியன் எழுத வரும். காப்பிலியளோடை எங்களைப் போடவேண்டாமெண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. உங்கடை பேர் வராது."

ஒளிப்பானேன், எனக்கும் அதுதான் விருப்பம். "நாங்கள் சுத்தமான சனம். அவர்களுக்குப் பக்கத்தில் எங்கள் பெண்பிள்ளைகளை வளர்க்க முடியாது" என்பது நானே சொந்தமாகச் சேர்த்தது. மூன்று தரம் திருத்தி எழுதினேன். நாற்பது பேர் கையெழுத்து வைத்தார்கள். நான் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் அது உங்கள் மேசைக்கு வந்தது. "வாசியுங்கோ, சினியோரா" என்றீர்கள். ஓரிடத்திலும் தடுக்காமல், செபம் சொல்வதுபோல் கடகடவென்று வாசித்தேன். முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று விளங்கியது.

நீங்கள் ஏசவில்லை. ஏசியிருந்தால் உங்களை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

"எந்தப் பெட்டி?" என்று கேட்டீர்கள்.

மீன்பெட்டி என்று நான் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். உங்கள் தங்கையும் அவள் கைக்குழந்தையும் அந்த வீட்டுப் பட்டியலில் இருந்தது எனக்குத் தெரியும்.

"உதவிதானே கேக்கினம். சப்பாத்துப் பெட்டி" என்றேன்.

"அப்ப பதில் எழுதுங்கோ."

கார்பன் தாள் வைத்து, நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். நாற்பது பேருக்கான பதிலை "மதிப்புக்குரிய சினியோரா" என்று தொடங்கினீர்கள். "உங்கள் கோரிக்கையை அனுப்பிவிட்டேன். உங்கள் பெண்பிள்ளைகள் நலமாக வளரட்டும்." அவ்வளவுதான். பிறகு கோப்பி கேட்டீர்கள்.

தர்ம அமைப்பு ஆபிரிக்கர்களைப் பட்டியலிலிருந்து வெட்டியது. உங்கள் தங்கை அந்தக் குளிர்காலத்தை ஒழுகுகிற அறையில் கழித்தாள். எனக்கு இரண்டாம் மாடியில் வெயில் விழும் வீடு கிடைத்தது.

நேற்று நூலகப் பெண் அந்தக் கார்பன் பிரதியைத் தூக்கிக் காட்டினாள். "இதின்ரை மூலம் எங்கை? ஆருக்குப் போனது?"

"தெரியாது" என்றேன்.

அந்த மூலத்தை நான் தபாலில் போடவேயில்லை. சேரவேண்டியவளிடம் அன்றைக்கே சேர்ந்துவிட்டது. கைப்பைக்குள், கால்சா வீட்டுக் கதவுத் திறப்பை அதில்தான் சுற்றி வைத்திருக்கிறேன்.