மோரோவுக்குப் பசிக்கவில்லை

ஜூன் 9, திங்கள்
மோரோ இன்றும் ரெனாட்டாவைத் தள்ளிவிட்டான். நாய்க்கு அது விளையாட்டு. சோபாவைப் பிடித்து நிற்கப் பழகும் என் மகளுக்கு நெற்றி வீங்கிவிட்டது. லௌதாரோ சொல்லிவிட்டான்: “இன்னொரு தடவை நடந்துச்சுன்னா மாமாவோட பண்ணைக்கு அனுப்பிடலாம் மைத்தே. அங்க மாடு இருக்கு, தள்ளிப் பாக்கட்டும்.” என் கணவன் சிரித்தபடி சொன்னால் முடிவு செய்துவிட்டான் என்று அர்த்தம்.

குழந்தை தரையில் இருக்கும்போது மோரோ தன் பாயில் படுத்தால் போதும். அது அவ்வளவு பெரிய பாடமா?

ஜூன் 11
பாயில் படுக்கப் பழக்க, மோரோவிடம் கோழி ஈரலை நீட்டினேன். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். “ஒரே ஒரு துண்டு, என் செல்லம்ல” என்று பின்வாசல் வரை பின்னாலேயே போனேன். ரெனாட்டாவிடமும் இப்படித்தான் கரண்டியோடு திரிகிறேன். என் கையால் யாருமே தின்னமாட்டார்களா?

ஜூன் 12
எங்கள் சால்தோ ஊரில் மழை பெய்தால் எந்த வீட்டில்தான் டோர்ட்டா ஃப்ரீட்டா பொரியாது? மாமியார் நேலிதா மாவைத் தட்டி எண்ணெயில் போட்டார். எனக்கொன்று, மேசைக்கு அடியில் ஒன்று.

“அத்தை, அவனுக்கா குடுத்தீங்க?”

“பாவம்டி. மழைன்னா அவனுக்கும் ஆசை இருக்காதா?”

வாரம் முழுக்க மழை! ஞாயிறு தணலில் வாட்டும் இறைச்சியில் பங்கு வேறு. அவன் தட்டில் எந்நேரமும் தீனி. வயிறு நிறைந்தவனிடம் போய்க் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 13
தட்டை எடுத்துவிட்டேன். “பட்டினி போடத்தான் காலேஜ்ல சொல்லிக்குடுத்தாங்களா?” என்றார் அத்தை. பட்டினி இல்லை, அதே தீனி, என் கையிலிருந்து மட்டும் என்றேன். கொடுமை செய்கிறேனோ?

ஜூன் 14
சாயங்காலம் களைப்பில் அந்த ஈரலை நானே தின்றுகொண்டிருந்தேன். உப்பே இல்லை. திரும்பினால் — காலடியில் மோரோ, கண் கொட்டாமல். ஒரு துண்டு கொடுத்தேன். இன்னொன்று. மறுபடி வாயைத் திறந்தான், ஈரல் டப்பாவை மூடிவிட்டேன். வீடு முழுக்க என் பின்னாலேயே வந்தான்!

ஜூன் 17
பாயில் கால் வைத்தால் துண்டு. படுத்தால் இன்னும். அவனுக்குப் போதும் என்று தோன்றுமுன் நிறுத்திவிடுகிறேன். ரெனாட்டாவிடமும் கரண்டியை நீட்டவில்லை, கிண்ணத்தை முன்னால் வைத்தேன். அள்ளித் தின்றாள், பாதி தலையில். கீழே விழுந்ததை மோரோவுக்கு முன் நான் பொறுக்கினேன்.

ஜூன் 19
மழை. அத்தை பொரித்ததில் கொஞ்சம் கிள்ளி என் கையில் வைத்தார். “நீயே குடு. படுத்தாத்தான், என்ன?”

ஞாயிறு பண்ணை மாமா வண்டியோடு வருகிறாராம். லௌதாரோ வரச் சொல்லியிருக்கிறான். என்னிடம் கேட்கவே இல்லை.

ஜூன் 22, ஞாயிறு
எல்லாரும் கூடத்தில் இருக்கும்போது ரெனாட்டா சோபாவை விட்டாள். நடந்தாள்! தள்ளாடித் தள்ளாடி, மோரோ படுத்திருந்த பாயை நோக்கியே. மோரோவின் வால் தரையை அடிக்கிறது, எச்சில் ஒழுகுகிறது, கண் என் கையில். எழவில்லை. அவள் பொத்தென்று உட்கார்ந்தாள். அப்போதும் எழவில்லை.

“இவனையாடா கூட்டிட்டுப் போகச் சொன்னே?” என்றார் மாமா.

“யாரு, நானா?”

லௌதாரோ என்னிடமிருந்து டப்பாவை வாங்கிக்கொண்டு பாய்ப் பக்கம் போனான்.