மூன்று வேருள்ள கடைவாய்ப்பல்

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

உன் புத்தகம் தபாலில் வந்தது. பல் மருத்துவ வரலாறு. அட்டையில் 'பேராசிரியர்' என்று உன் பெயர், பின்னால் கோட்டுப் போட்ட படம். பல்லைப் புழு தின்கிறது என்று நம்பிய காலம், சந்தையில் கூட்டம் கூட்டிப் பல் பிடுங்கியவர்கள், புழுவும் இல்லை பூச்சியும் இல்லை என்று எழுதித் தன் தொழில் ரகசியங்களை எல்லாருக்கும் திறந்து வைத்த மருத்துவர்... அத்தனையும் பதினொரு வருடம் நான் நோயாளிகளைப் பார்ப்பதற்கு நடுவே எழுதியது. "படிச்சுப் பாத்துட்டுத் தரேம்மா" என்று நோட்டுகளை வாங்கிப் போனாயே! முன்னுரையில் 'தட்டச்சு செய்து உதவிய தங்கை'யாம். எனக்குத் தட்டச்சே தெரியாது.

உன் தங்கை

மார்ச் 10

தங்கைக்கு,

மரத்துப்போக ஊசி போடாமல் பல்லைப் பிடுங்குகிற மாதிரி எழுதியிருக்கிறாய். ஓர் அறை கிளினிக்காரி எழுதியதை யார் வாங்குவார்கள்? என் பெயர் இருப்பதால்தான் கல்லூரியில் பாடமாக வைக்கிறார்கள். பழைய நூல்களைப் பார்த்து யாரும் எழுதலாம். வீட்டு விஷயத்தை வெளியே கொண்டுபோகாதே. அண்ணிக்கும் உன்மேல் வருத்தம்.

அண்ணன்

மார்ச் 17

அண்ணாவுக்கு,

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திற. கீழ்க் கடைவாய்ப்பல் படத்துக்கு அடியில் 'பழைய நூலில் கண்டபடி' என்று போட்டிருக்கிறாய். வேர்களை எண்ணு. பொதுவாக இரண்டுதான் இருக்கும். இதில் மூன்று. அது என் பல். நான் பார்த்து வரைந்தது.

நீ பல் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, கல்லூரி நாற்காலியில் என்னை உட்காரவைத்து, சொத்தையை விட்டுவிட்டுப் பக்கத்து நல்ல பல்லைப் பிடுங்கினாய்; பிறகுதான் சொத்தையை எடுத்தாய். "அப்பாகிட்ட சொல்லிடாதடி" என்று அழுதாய். "ரெண்டுமே வலிச்சுதுப்பா, நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்று பொய் சொன்னேன். இன்றுவரை அந்தப் பக்கம் சரியாக மெல்ல முடிவதில்லை. பல்லும் என் பெயர் போட்ட அன்றைய எக்ஸ்ரேயும் என் மேசை டப்பாவில் இருக்கின்றன.

தங்கை

மார்ச் 21

என் அன்புத் தங்கச்சிக்கு,

எண்ணினேன். மூன்றுதான். அடுத்த பதிப்பில் உன் பெயரையும் போடச் சொல்கிறேன், என் பெயருக்குக் கீழே. அந்த டப்பாவை மட்டும் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பிவிடு. யாரிடமும் காட்டாதேம்மா.

என்றும் உன் அண்ணன்

மார்ச் 26

பேராசிரியர் அவர்களுக்கு,

டப்பா பதிப்பாளர் மேசையில் இருக்கிறது. அவரும் எண்ணிப் பார்த்தார். விற்பனையை நிறுத்திவிட்டார்.

அன்று நீங்கள் அழுததைப் பார்க்கப் பொறுக்காமல் வாயை மூடிக்கொண்டேன். இத்தனை வருடம் கழித்தும் அதையேதான் கேட்கிறீர்கள். 'அண்ணா' என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். மனசு வரவில்லை.

பல் மருத்துவர்,
ஓர் அறை கிளினிக்