அமைதி என்று சேர்த்த கடல்

குஞ்சு,

கடைக்காரர் புது வருஷத்துக்கு ஒரு கலண்டர் தந்தார். அலையே இல்லாத நீலக் கடல். ஆணியில் மாட்டி, படம் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டேன். நல்ல படத்தை ஏன் இப்படி வைத்தாய் என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். உனக்குத்தான் தெரியும்.

கொழும்பில் நீ மூளைப் படம் எடுக்கும் படிப்புப் படித்தபோது என்னையும் அந்தக் குழாய் மெஷினுக்குள் படுக்கவைத்தாய். என் தலைக்குள் மீன் விலைதான் கிடக்கும் என்றேன். சுனாமியும் சண்டையும் கண்டவர்களின் தலையில் பயம் எங்கே இருக்கிறது என்று தேடினீர்கள். எழும்பி வரும் அலை, எரியும் வீடு, விளையாடும் பிள்ளைகள், அமைதியான கடல் என்று படங்கள் மாறி மாறி வந்தன. முதல் இரண்டையும் பயம் என்று சேர்த்து, மற்ற இரண்டையும் அமைதி என்று சேர்த்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தீர்கள். என் தலையில் மிச்சம் ஒன்றுமே வரவில்லை. அம்மாவின் படத்தை விட்டுவிடு என்று உன்னைப் படிப்பித்த சேர் சொன்னார்.

நீ விடவில்லை. சேர்த்ததைப் பிரித்து, நாலு படத்துக்கும் தனித்தனியாக நாலு நிரல் போட்டு, கணக்கைத் திரும்பச் செய்தாய். பிறகு என்னைக் கணினிக்கு முன்னால் இருத்தி, பயந்த இடம் சிவப்பாகத் தெரியும் என்றாய். அலைக்கு என் தலை சாம்பலாகவே கிடந்தது. எரியும் வீட்டுக்குச் சிவந்தது. சண்டையில் செல் குண்டு விழுந்து உன் அண்ணனோடு எங்கள் வீடும் எரிந்ததே. ஆனால் அமைதியான கடலுக்கும் அதே அளவு சிவந்திருந்தது.

"என்னம்மா இது? கடல் சும்மாதானே கிடக்கு."

சுனாமி அன்று நீ பெரியம்மா வீட்டில் இருந்தாய். அதனால் அந்தக் கணினிக்கு முன்னால்தான் உனக்கு முதன்முதலாகச் சொன்னேன்.

"அலை வந்ததை நான் காணல்ல, மகள். வாழைச்சேனைக்குப் பஸ் ஏறக்குள்ள கடல் இப்பிடித்தான் கிடந்தது. அப்பா கரையில நிண்டு கையைக் காட்டினார். அதான் அவரைக் கடைசியாக் கண்டது."

நீ என் உச்சியில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாய். எனக்கோ பிரமிப்பு அடங்கவில்லை. இரண்டு நெருப்பு ஒன்றையொன்று கழித்து ஒன்றுமில்லை என்று வந்திருக்கிறது. வாயால் ஒருநாளும் சொல்லாததை என் தலை அத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறது.

ஊரில் சனம் சுனாமியையும் சண்டையையும் ஒரே மூச்சில் சொல்லும். நான் அன்றிலிருந்து அப்பாவுக்குத் தனியாக அழுகிறேன், அண்ணனுக்குத் தனியாக அழுகிறேன். போன மாரி மழைக் காலத்தில் காய்ச்சல் உன்னையும் கொண்டுபோன பிறகு, மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, பாவம் மனிசி என்கிறார்கள். நான் சேர்க்கவில்லை.

உன்னை நினைக்கும்போது என் தலைக்குள் எந்த இடம் சிவக்கிறது, குஞ்சு?