கீழ்த்தளத்துக் காற்று

என் அன்பு வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. நான் இங்கே சுகம். அப்பாவின் சுகத்தைப் பற்றிப் பின்னால் எழுதியிருக்கிறேன், பதறிக்கொண்டு கடைசிப் பக்கத்துக்கு ஓடாமல் வரிசையாகப் படி. நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று எல்லாக் கடிதத்திலும் கேட்பதுதான், இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்று கேட்கிறேன். போனிலேயே கேட்கலாமே என்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கர்ல போடு ஸ்பீக்கர்ல போடு என்று பிடுங்குகிறார், அப்புறம் நீ நல்லா இருக்கேன் என்பாய், நானும் நல்லா இருக்கேன் என்பேன், எல்லோரும் நல்லா இருந்துவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கை வலிக்கிறது, விட்டு விட்டு எழுதுகிறேன், நடுவில் கையெழுத்து கோணினால் கண்டுகொள்ளாதே.

வீட்டில் புதிதாக ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் இதோ வருகிறேன் இதோ வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். உன் அத்தை வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போனாள். வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தம்பி பாதியாயிட்டானே என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு என் அடுப்பைப் பார்த்தாள், என் சமையலில்தான் அவர் இளைத்துவிட்டார் போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் சண்டை போடக்கூடத் தெம்பு இல்லை. அவளுக்கும் ஒரு தட்டு வைத்தேன். அவள் சொன்னதில் பாதி உண்மை, அவர் இளைத்துத்தான் போய்விட்டார்.

அப்பாவின் இருமல் உனக்குத் தெரிந்ததுதான். நீ அங்கிருந்து பார்சலில் அனுப்பிய முகக்கவசங்களை ஒரு நாள் விடாமல் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போனார். அதில் நடந்த கூத்தைக் கேள். வீட்டு வாசலில் மாட்டுவார், தெரு முழுக்கப் பஸ் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பார், சுரங்க ரயில் ஸ்டேஷன் படிக்கட்டு இறங்கியதும் கழற்றி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். தூசு எல்லாம் மேலேதான், கீழே ஜில்லென்று இருக்கிறது, தரையை நாள் முழுக்கத் துடைக்கிறார்கள், அங்கே எதற்கு என்பது அவர் கணக்கு. நானும் அதையேதான் நம்பினேன். அவர் சட்டைக் காலரைத் துவைத்தால் தண்ணீர் மை மாதிரி கறுத்து ஓடும், நான் சோப்பு சரியில்லை என்று சோப்பை மாற்றினேன். அந்தச் சோப்புக்காரன் என்ன பாவம் செய்தானோ.

இருமலோடு மூச்சும் வாங்க ஆரம்பித்த பிறகு நெஞ்சு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் உன் வயசுப் பெண். குழாயில் ஊதச் சொன்னார், அப்பா பலூன் ஊதுகிற பிள்ளை மாதிரி கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார், டாக்டருக்குத் திருப்தியில்லை. சிகரெட் உண்டா என்று கேட்டதற்கு வாழ்க்கையிலேயே தொட்டதில்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். கடிகாரம் ரிப்பேர், சுரங்க ரயில் ஸ்டேஷனுக்குள்ளே கடை என்றதும் அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிளாட்பாரத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டார். ரயில் வெளியே வருகிற வாய் இருக்கிறதே, அதை ஒட்டித்தான், நல்லாக் காத்து வரும்னு கேட்டு வாங்கின இடம் என்று இவர் பெருமையாகச் சொன்னார். உனக்கு நினைவிருக்கும், அந்த மூலைக்காக ஸ்டேஷன் ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தார், கிடைத்த அன்று வீட்டுக்கு வந்து ரயிலே எனக்கு விசிறி என்று எப்படிக் குதித்தார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார், சக்கரம் தண்டவாளத்தில் உரசி, பிரேக் உரசி, கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள் சுரங்கத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், வண்டி வரும்போது முன்னால் தள்ளிக்கொண்டு வருகிற காற்றில் அதுதான் வரும் என்று. ஏறி இறங்கிப் போகிறவர்களுக்கு அவ்வளவு பயமில்லை, நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்று முழுசாகத் தெரிந்தவர்கள் இன்னும் யாருமில்லை, ஆனால் இவர் நெஞ்சு ஏற்கெனவே சுருங்கியிருக்கிறது, இனிமேல் கீழே போகவே கூடாது என்றார். வெளியே வந்ததும் உன் அப்பா, சின்னப் பொண்ணு, புத்தகத்தைப் படிச்சுட்டுப் பேசுது என்று முடித்துவிட்டார்.

மறுநாள் சாப்பாடு எடுத்துக்கொண்டு நானே கடைக்குப் போனேன். கீழே விழுகிற குட்டித் திருகாணிகளைப் பொறுக்க அவர் ஒரு காந்தம் வைத்திருப்பாரே, அது மேஜை மேல் கிடந்தது. கறுப்பு மயிர் முளைத்த மாதிரி இருந்தது. இது என்ன என்றேன். அது எப்பவும் ஒட்டும், காலையில துடைச்சேன் என்றார். துடைத்தது காலையில், நான் போனது சாப்பாட்டு வேளை. நான் அவரைப் பார்த்தேன், அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குள் ஒரு வண்டி வந்தது, அந்தக் காற்று என் முகத்தில் அடித்தது, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தை மட்டும் மூடினார்.

அன்றையிலிருந்து தினமும் ஒரே பாட்டுத்தான். கடையை விடுங்கள் என்று நான் கெஞ்சுவேன், விட்டா வீட்டுல உட்கார்ந்து உன் முகத்தையே பார்த்துக்கிட்டு இருக்கவா என்பார். மேலே எங்காவது இடம் பார்ப்போம் என்றால், ரயிலுக்கு நிக்கிறவன்தான் கடிகாரத்தைக் கொடுப்பான், பஸ்ஸுக்கு ஓடுறவன் எங்கே கொடுப்பான் என்பார். நீயும் போனில் எவ்வளவு சொன்னாய். எனக்கு அலுத்துவிட்டது, அம்மாடி. சாயங்காலம் அவர் படியேறி வரும்போது ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்குவது சமையலறை வரை கேட்கும், நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு எண்ணாமல் எண்ணிக்கொண்டு நிற்பேன். கதவைத் திறந்து கைகொடுத்தால் கோபம் வரும். அதனால் கதவு தட்டும் வரை உள்ளேயே நிற்பேன். இப்படியே போயிற்று.

இப்போது நான் சொல்லவந்ததுக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாயே, ஸ்பீக்கரில்தான் இருந்தது. நீ அவரைப் பிடி பிடி என்று பிடித்தாய். அந்தக் காற்று ஆகாதுப்பா, உடனே விட்டுடுங்கப்பா, படிச்சவ சொல்றேன் கேளுங்கப்பா என்று பொரிந்துகொண்டே போனாய், நடுவில் உனக்கு இருமல் வந்தது. நீ போனைக் கையால் பொத்திக்கொண்டாய், இருந்தாலும் கேட்டது. பேச வாயைத் திறக்க மறுபடி வந்தது. குளிர் ஆரம்பிச்சிருக்கு, தொண்டை கட்டியிருக்கு என்று சொல்லி வைத்துவிட்டாய். அப்பா போனை எடுத்து மேஜை மேல் வைத்தார். அப்புறம் என்னிடம், அது தொண்டை இல்ல, அது என் இருமல் என்றார்.

அவருக்கு நீ வேலை பார்க்கிற மருந்துக்கடை நினைவுக்கு வந்துவிட்டது. எனக்கு அது வரை உறைக்கவே இல்லை, நான் என்ன தாய். உன் கடை ஸ்டேஷனுக்குள்ளே, பூமிக்கு அடியில் இருப்பதும், வேலை கிடைத்த புதிதில் எங்க ஸ்டேஷன் கண்ணாடி மாதிரி இருக்கும்மா என்று நீ சொன்னதும், என் பொண்ணும் என்னை மாதிரி கீழ்த்தளத்துக்காரி என்று இவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்ததும் எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. சின்ன வயசில் உனக்கு இழுப்பு வந்து நாங்கள் மாறி மாறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்த நெஞ்சு உன் நெஞ்சு. உடனே போன் பண்ணி வேலையை விடச் சொல்லுங்கள் என்றேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். நான் கீழேயே உட்கார்ந்துகிட்டு, அவளை மேல வான்னு எந்த வாயால சொல்றது என்றார்.

அடுத்த நாள் வழக்கம்போலக் கிளம்பினார். மத்தியானமே வந்துவிட்டார், கையில் அவருடைய கருவிப் பெட்டி. சாவியை ஸ்டேஷன் ஆபீசில் கொடுத்துவிட்டாராம், ரிப்பேருக்கு வந்த கடிகாரங்களை அவரவர் வீடு தேடிக் கொடுத்துவிட்டாராம். சாப்பிட்டார், பாயைப் போட்டுப் படுத்தார், பிறகு எழுந்து ஓடிக்கொண்டிருந்த நம் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி மாட்டினார். இவ்வளவு நாளாக நானும் டாக்டரும் நீயும் தொண்டை வற்றக் கத்தியும் அசையாத மனுஷர், நீ இருமிய இருமலுக்கு எழுந்து வந்துவிட்டார். உன்னிடம் இதைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். உடம்புக்காக விட்டுட்டேன்னு மட்டும் சொல்லு என்றார். நான் சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன், அதற்கு என்ன வருமோ வரட்டும், என் தலையில் வரட்டும்.

உனக்கு அந்த வேலை எவ்வளவு அலைந்து கிடைத்தது என்று எனக்குத் தெரியும். நாளைக்கே விட்டுவிடு என்று சொல்ல மாட்டேன். முதலில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் போ, எங்கே வேலை பார்க்கிறாய் என்று நீயே வாயைத் திறந்து சொல், அவர்களாகக் கேட்பார்கள் என்று காத்திருக்காதே. தெரு மேல் இருக்கிற உங்கள் வேறு கிளைக்கு மாற்றிக்கொடுப்பார்களா என்று கேட்டுப் பார். மாப்பிள்ளையிடம் எதையும் மறைக்காதே, அவர் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. கொஞ்சம் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று நான் சொன்னதாகச் சொல். அப்பா இனி நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பார், நீ என்ன முடிவு செய்தாய் என்று என்னிடம் கேட்க மாட்டார், போன் மணி அடிக்கும்போது என் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நெடுநாள் இருக்கவேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இருமல் வந்தால் போனைப் பொத்தாதே. இருமிவிட்டுப் பேசு. பொத்தினால் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா