நிகழ்ச்சியின் நடுவில் சொன்னது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அண்ணனும் நலம், கடை நலம். உன் அம்மாவும் நலம் என்று அவளே சொல்கிறாள், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அம்மா ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டாள். டாக்டர் சொல்லி நிறுத்தவில்லை, டி.வி. பார்த்து நிறுத்தினாள். இப்போது மறுபடி ஆரம்பித்திருக்கிறாள், அதனால் பதறாதே. ஆனால் அது தொடர வேண்டுமென்றால் நீயும் ஒரு காரியம் செய்தாக வேண்டும், கடைசியில் சொல்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போன் அவள் கையில்தான் இருக்கிறது, என்னிடம் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதான் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த அறிவியல் நிகழ்ச்சி வருகிறதே, அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று நீதான் சொன்னாய். கடலுக்கு அடியில் போகிறார்கள், எரிமலை ஓரத்தில் நிற்கிறார்கள், நட்சத்திரம் பிறப்பதையே காட்டுகிறார்கள். எனக்கு ஆரம்பத்திலிருந்தே அதில் நம்பிக்கை இல்லை. நட்சத்திரம் பிறக்கும்போது கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் யார் என்று கேட்டேன். அது கம்ப்யூட்டர்ல வரைஞ்சதுங்க, கீழேயே எழுத்து ஓடுது பாருங்க என்றாள். வரைந்து காட்டுவதென்றால் நம் கிடங்கில்கூட கூரை முட்ட தானிய மூட்டை அடுக்கிக் காட்டலாமே என்றேன். உங்க பக்கத்துல உட்கார்ந்து டி.வி. பார்க்கிறதுக்கு சுவத்தைப் பார்த்துட்டுப் போகலாம் என்று சத்தத்தைக் கூட்டிவிட்டாள். பேசுகிறவன் குரலில் தேன் வடிகிறது, பின்னால் விடாமல் இசை வேறு. சரக்கு நல்லதாக இருந்தால் இவ்வளவு ஜோடனை எதற்கு என்பதுதான் என் கேள்வி.

இப்படி இருக்கும்போது போன மாதம் ரத்தக்குழாயைப் பற்றிக் காட்டினார்கள். நான் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே அரைக்காதில் கேட்டேன். யாரோ ஒரு பஸ் டிரைவர், தினமும் நடந்தாராம், உப்பைக் குறைத்தாராம், இன்றைக்கு மாத்திரையே இல்லாமல் சிரித்துக்கொண்டு மலை ஏறுகிறாராம். மறுநாள் காலையிலேயே உன் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிட்டாள். குழம்பில் உப்பு காணாமல் போனது, அண்ணன் தட்டை வைத்துக்கொண்டு என்னையும் குழம்பையும் மாறி மாறிப் பார்த்தான். நல்லதுக்குத்தானே என்று விட்டேன். மாத்திரையை நிறுத்தியதை மட்டும் அவள் மூச்சுவிடவில்லை. மருந்துக்கடைக்காரர்தான் ஒருநாள் வழியில் நிறுத்தி, என்ன சார், மாத்திரை வாங்க ஆளையே காணோமே, அக்காவுக்குச் சரியாயிடுச்சா என்று கேட்டார். வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்தேன், போன தடவை நான் வாங்கிக்கொடுத்த அட்டை பிரிக்காமல் அப்படியே கிடக்கிறது. செலவாக வேண்டிய சரக்கு நகராமல் கிடந்தால் அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா. பிறகு விசாரித்தால், அதற்கு முன்பே துணி வாளியோடு படியில் தலைசுற்றி உட்கார்ந்திருக்கிறாள், மாடிவீட்டு டெய்லரம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டிருக்கிறாள். அதையும் மறைத்துவிட்டாள்.

டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தத்தை அளந்தவர் முகம் மாறியது. இப்படியே விட்டிருந்தால் கை கால் இழுத்துக்கொண்டு படுக்கையில் விழுந்திருப்பார்கள் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அப்போதும் உன் அம்மா மசியவில்லை. வீட்டுக்கு வந்து என்ன சொன்னாள் தெரியுமா, விக்கிறவன் பேச்சை நம்பாதேன்னு நீங்கதானே சொல்வீங்க, மருந்து எழுதறவங்க மருந்து சாப்பிடுன்னுதான் சொல்வாங்க, டி.வி.க்காரனுக்கு என்ன லாபம், அவன் ஏன் பொய் சொல்லணும். என் வாயால் நான் சொன்னதையே எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சரி, அந்த டி.வி.க்காரனையே கையும் களவுமாகப் பிடிப்போம் என்று நினைத்தேன். நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும், மூட்டையின் வாயைப் பிரித்து மேலே இருப்பதைப் பார்த்து நான் விலை பேசியதே இல்லை, குத்தூசியை நடுவில் செருகி உள்ளே இருக்கும் தானியத்தை உள்ளங்கையில் கொட்டித்தான் பார்ப்பேன். அந்த ரத்தக்குழாய் நிகழ்ச்சியை வியாழக்கிழமை மத்தியானம் திரும்பப் போட்டார்கள். கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, அவளையும் உட்காரவைத்து, ஆரம்பத்திலிருந்து பார்த்தேன். சரியாக நடுவில் ஒரு பெண் டாக்டர் வந்தார். அந்த டிரைவருக்கு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது நாங்கள், வாராவாரம் அளந்து பார்த்துத்தான் குறைத்தோம், எல்லாருக்கும் இது முடியாது, யாரும் தானாக நிறுத்தாதீர்கள், உயிருக்கே ஆபத்து என்று தெளிவாகச் சொன்னார்.

நான் திரும்பி உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் கொஞ்சமும் அசையாமல், அன்னிக்கு இதைச் சொல்லவே இல்லீங்க, யாரோ சண்டை போட்டிருப்பாங்க, புதுசா சேர்த்திருக்கான் என்றாள். என் நிலைமையைப் பார், இத்தனை நாள் திட்டிய டி.வி.க்காரனுக்காக நானே வாதாட வேண்டியதாகிவிட்டது. அவன் அன்றைக்கும் சொல்லியிருப்பான், நீ எங்கே போயிருந்தாய் என்று கேட்டேன். எங்கேயும் போகவில்லை என்று சாதித்தாள். பிறகு மெதுவாக, பாப்பா போன் வந்துச்சு, பின்பக்கம் போய்ப் பேசிட்டு வந்தேன் என்றாள். அன்றைக்குத்தான் உனக்கு வேலை உறுதியான செய்தியைச் சொன்னாய், நினைவிருக்கிறதா. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தபோது டிரைவர் மலை ஏறிக்கொண்டிருந்தார். ஆரம்பத்தையும் முடிவையும் பார்த்தாள், நடுவில் உன்னோடு இருந்தாள். உன்மேல் தப்பில்லை, அவள்மேலும் இல்லை. டி.வி.க்காரனை மட்டும் நான் முழுதாக விடவில்லை. மலை ஏறுவதை மூன்று தடவை காட்டுகிறவன் எச்சரிக்கையை ஒரே தடவை சொல்லிவிட்டுப் போகிறான். அதை முதலிலேயே உரக்கச் சொன்னால் பார்க்கிறவர்கள் சேனலை மாற்றிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும், வியாபாரி எனக்கும் தெரியும்.

அதன்பிறகு பேரம். நான் மிரட்டவில்லை, நீ விழுந்துவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன். அதற்கு அவள், ஊர் மூட்டையை எல்லாம் குத்திப் பார்க்கிறீங்களே, உங்களை யாரு குத்திப் பார்த்தது, ஒருநாளாவது அந்தப் பட்டையைக் கையில சுத்தியிருக்கீங்களா என்றாள். டாக்டர்களை நான் அண்டவிட்டதே இல்லை என்பது உனக்கும் தெரியும்.

புது வேலையில் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் நடுப்பக்கத்தையும் படித்துவிட்டுப் போடு. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், மனக்கசப்பு இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். மறக்காமல் செய்ய வேண்டியது, நாங்கள் பேசி முடித்தது இதுதான். அவள் காலைக் காபியோடு என் கண்முன்னால் மாத்திரையை விழுங்குவாள். நீ இனிமேல் நிகழ்ச்சி முழுதாக முடிந்த பிறகுதான் போன் செய்ய வேண்டும். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும், திங்கட்கிழமை கடை திறப்பதற்கு முன்னால் டாக்டரம்மாவிடம் போய் என் கையை நீட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒத்துக்கொண்டுவிட்ட உன் அப்பா