மணலில் நிற்கிற உன் வண்டி

ஆசை மச்சான் தேசிங்குக்கு,

உன் மோட்டார் சைக்கிள் இன்னும் உன் வாசலில்தான் நிற்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். நீ கண்ணை மூடியதிலிருந்து அதை விலைக்குக் கேட்டு வந்தவர்களை நிற்க வைத்தால் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் வரிசை போகும். ஒருத்தனுக்கும் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டோம்.

உன் மகள் கஸ்தூரிதான் இப்போது அதை ஓட்டுகிறாள். மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் லேப் வேலை கிடைத்திருக்கிறது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டு நிற்பதை உனக்குச் சொல்லவா வேண்டும்? பஸ்ஸை நம்பினால் ஷிப்ட் முடிந்த பிறகுதான் போய்ச் சேருவாள். உன் வண்டியில் அந்த லாரிகளுக்கு நடுவே வகிடு எடுத்த மாதிரி போகிறாள். டிரைவர்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டு வணக்கம் வைக்கிறார்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

தொல்லை செயினில் வந்தது. நம் உப்புக்காற்றுக்கு இரும்பென்றால் அல்வா. நீ இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை ஆனால் வண்டியை சைடு ஸ்டாண்டின் மேல் சாய்த்து, பின்சக்கரத்தை ஒரு கையால் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு, மறுகையால் செயினைத் துடைப்பாய். நடு ஸ்டாண்டு இல்லாத வண்டிக்கு வேறு வழி ஏது? அந்தக் கை போன பிறகு யார் தூக்குவது?

உன் அண்ணன் எல்லப்பன் அதைத்தான் பிடித்துக்கொண்டான். போன மாதம் வந்து, என் தங்கை மல்லிகாவின் எதிரில் செயினை விரலால் தடவி, துருவைக் காட்டினான்.

"இது நடு ரோட்ல அறுந்தா லாரிக்கு அடியில பூடுவா. ஆம்பள இல்லாத வூட்ல வண்டி இன்னாத்துக்கு? வித்துரு. இத யாரு பாத்துக்கினு இருப்பா?"

அவன் சொன்னதில் முதல் பாதி நிஜம், மச்சான். மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள். கஸ்தூரி வேலைக்குப் போயிருந்தாள். தாய்மாமன் நான் ஒருத்தன் அங்கே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேனே, என்னைப் பார்த்தால் அவனுக்கு ஆளாகத் தெரியவில்லையா?

"நான் கீறேன்," என்றேன். "வர்ற ஞாயித்துக்கெழம வா. செயின்ல உன் மூஞ்சியப் பாத்து தல வாரிக்கலாம்."

சொல்லிவிட்டேன். அப்புறம்தான் வண்டியைத் தூக்க ஒரு ஸ்டாண்டு தேடி ராயபுரத்துக் கடைக்குப் போனேன். வண்டி ஸ்டாண்டில் இத்தனை தினுசு உண்டென்று உனக்குத் தெரியுமா? முன்சக்கரத்துக்குத் தனி, பின்சக்கரத்துக்குத் தனி. செயினைத் துடைக்கப் பின்சக்கரத்தைத் தூக்கினால் போதும் என்றார் கடைக்காரர். அதிலும் கொக்கி வைத்தது ஒன்று. பின்சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையில் போல்ட்டு மாட்ட ஓட்டை இருந்தால்தான் அது ஆகும். உன் வண்டியில் ஓட்டை இல்லை. இன்னொன்று ரப்பர் வைத்தது. இரும்புக் கைக்கு அடியில் கொடுத்து, பின்னாலிருந்து அழுத்தினால் வண்டி எழும்பி நிற்கும். அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். கனமான குழாய், ரத்தச் சிவப்புப் பெயிண்ட். அதன்மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். கடையே ஆடியது, ஸ்டாண்டு ஆடவில்லை.

கட்டிக் கொடுக்கும்போது, வீட்டில் என்ன தரை என்று கடைக்காரர் கேட்டார். ஹார்பரில் வின்ச் ஓட்டிக் கப்பலுக்கே சரக்கு ஏற்றியவனிடம் கேட்கிற கேள்வியா இது? "எங்க தரயில லாரியே நிக்கும்," என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குப்பமே கூடிவிட்டது. எல்லப்பன் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றான். நான் முன்பக்கம் ஹேண்டில்பாரைப் பிடித்தேன். கஸ்தூரி பின்னால் ஸ்டாண்டைக் கொடுத்து அழுத்தினாள். சக்கரம் எழும்பியது. நான் ஜனங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூட வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் ஸ்டாண்டின் அடியிலிருக்கும் குட்டிச் சக்கரம் ஒரு பக்கம் மணலில் புதைந்து, வண்டி குடித்தவன் மாதிரி என்மேல் சாய்ந்தது. தப்பு ஸ்டாண்டின் மேல் இல்லை, வாங்கியவன் மேலும் இல்லை. உன் வாசல் மணல்தான் காலை வாரியது.

"கப்பலத் தூக்குனவரு மோட்டார் சைக்கிள்கிட்ட மாட்டிக்கினாரு பா," என்றான் எல்லப்பன். எல்லாரும் சிரித்தார்கள். நான் வண்டியை வயிற்றால் தாங்கிக்கொண்டு நின்றேன்.

கஸ்தூரி சிரிக்கவில்லை. "மாமா, வுட்டுராத, அப்டியே புடி," என்று சொல்லிவிட்டுக் கரைக்கு ஓடினாள். திரும்பி வரும்போது உன் போட்டைக் கரையேற்ற அடியில் போடுவாயே, அந்தப் பலகையை இழுத்துக்கொண்டு வந்தாள். மணலில் உன் போட்டே அதன்மேல் ஏறி வரும்போது இந்த வண்டி எம்மாத்திரம்? ஆனால் பலகையை அடியில் தள்ள, யாராவது பின்பக்கம் தூக்க வேண்டும். என் இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருந்தது.

எல்லப்பனை யாரும் கூப்பிடவில்லை, மச்சான். ஆனால் நம் கரையில் ஒரு பொருள் மணலில் மாட்டினால் எவன் கை கட்டி நிற்பான்? விரோதியின் போட் என்றாலும் தோள் கொடுத்து ஏற்றிவிட்டு, அப்புறம்தானே சண்டையைத் தொடருவோம். கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது. வந்து சீட்டுக்கு அடியில் பிடித்து, "ஏய், ஒண்ணாத் தூக்கு," என்று எனக்கே அதட்டல் போட்டான். பலகை உள்ளே போனது. கஸ்தூரி மறுபடி அழுத்தினாள். ஸ்டாண்டு பாறை மாதிரி நின்றது. பின்சக்கரம் காற்றில் சுற்றியது.

இஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் செயின் தானாகச் சுற்றுமே, துடைப்பது சுலபம் என்றேன். "வெரல் வேணுமா வேணாமா மாமா?" என்றாள். நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையாலேயே சுற்றி, டீசலில் பிரஷ்ஷை நனைத்துக் கண்ணி கண்ணியாகத் தேய்த்தாள். துடைத்தாள், எண்ணெய் விட்டாள், தொங்கலை இறுக்கினாள். செயினில் மூஞ்சி தெரியவில்லைதான். எல்லப்பனின் மூஞ்சிக்கு அது போதும்.

அவன் தோற்றுப்போனதாக ஒத்துக்கொள்வானா? "விக்கிற பேச்ச நான் வுடல. அடுத்த ஞாயிறும் வந்து பாப்பேன்," என்றான்.

"வா பெரிப்பா," என்றாள் கஸ்தூரி, தலை நிமிராமல். "வரும்போது டீசல் எட்த்துக்கினு வா."

ஒன்று கவனித்தேன். வண்டி நின்ற பிறகும் அவன் உன் சீட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. வாசலில் அதைப் பார்க்கிற தெம்பு இல்லாமல்தான் விற்கச் சொல்கிறானோ? நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் அடிக்க வருவான், நானும் திருப்பி அடிக்க வேண்டியிருக்கும்.

போன ஞாயிறு டீசலோடு வந்தான்.

கடலுக்கு உப்புக்காற்றை நிறுத்துகிற எண்ணம் இல்லை. எங்களுக்கும் துடைப்பதை நிறுத்துகிற எண்ணம் இல்லை. யார் கூடினாலும், எவன் விலை பேசினாலும், துருவைக் காரணம் காட்டி இந்த வண்டி உன் வாசலை விட்டு நகராது. கஸ்தூரியே ஒரு நாள் இதைவிடப் பெரிய வண்டி வாங்கி, தன் கையால் இதன் சாவியை எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. அது வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹேண்டில்பார் என் பொறுப்பு. இது என் வாக்கு.

இப்படிக்கு,
முன்பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கும்
உன் மச்சான், உன் மகளுக்குத் தாய்மாமன்,
கோதண்டம்